தட்டில் மூன்றாவது ஓட்டை

நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். இருபது வருடமாக மோர்னிங்சைட்டிலும் ரூஜ்ஜிலும் வந்து குடியேறிய எங்கள் சனத்துக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு மந்திரம்தான்: "பதறாதேங்கோ." அதைச் சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பிரேக்கில் காலை வைத்திருப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு அன்ரி என்னிடம் பழகிக்கொண்டிருந்தார். மூன்று தடவை ஓட்டுநர் ரெஸ்ற்றில் தவறியவர். ஒருநாள் சந்தியில் இடப்பக்கம் திருப்பும்போது கார் குலுங்கி நின்றது. நான் வழமைபோல, "அன்ரி, பிரேக்கை மெல்லமா அமத்த வேணும். பதறக்கூடாது" என்றேன்.

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் பிரேக்கே பிடிக்கேல்லை. அது நீங்கள். எப்பவும் எனக்கு முதல் உங்கடை கால்தான் பதறுது."

நான் சிரித்துச் சமாளித்தேன். என் வாழ்க்கையில் அந்த வருடம் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த துவக்குச் சூட்டு ஆலோசனை அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஓம், துவக்கு, துப்பாக்கிதான். ஐம்பத்திரண்டு வயதில், முழங்காலில் வலியும் மூக்கில் கண்ணாடியுமாக, நான் மான் வேட்டைக்காரன் ஆக முடிவு செய்திருந்தேன். காரணம் என் மனைவியின் தம்பி, என் மச்சான். பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறான். அவனும் இன்னும் மூன்று பேரும் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்குள் ஒரு மரவீட்டில் ஒரு கிழமை தங்கி மான் வேட்டை ஆடுவார்கள். முந்தின வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பெருமையாகப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, என்னைக் கூப்பிட்டது என் ஆட்டிறைச்சிக் கறிக்காக என்று. ஒரு கிழமை முழுவதும் அவர்கள் செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு விடிய வெளிக்கிடுவார்கள். நான் ஏப்ரன் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். கண்ணீர் வெங்காயத்தால்தான் என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, உரிமம் எடுத்து, துவக்கும் வாங்கினேன். ஆனால் அந்தக் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டவர் குழுவின் மூத்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்போம். வேட்டைக்கு முந்தின ஞாயிறு சூடு பழகுகிற ரேஞ்சுக்குப் போய், நூறு மீற்றரில் கட்டிய ஒரு கடதாசித் தட்டில் மூன்று வெடி வைக்கவேண்டும். மூன்றும் தட்டில் பட்டால் காட்டுக்குள் மானுக்குக் காத்திருக்க உனக்கென்று ஓர் இருக்கை. ஒன்று வெளியே போனாலும் சமையல்.

"மானுக்குக் காயம் பண்ணிப்போட்டு ரெண்டு நாள் காட்டுக்குள்ளை தேடித் திரியேலாது. அது பாவம்" என்று அண்ணை சொல்வார். நியாயம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் துவக்கைப் பார்க்காமல் என் கறிச்சட்டியைப் பார்த்ததாகவே எனக்குப் பட்டது.

என் தொழிலில் சனி ஞாயிறுதான் பிழைப்பு. ரேஞ்சோ ஒன்றரை மணித்தியாலம் வடக்கே. செப்ரெம்பரிலிருந்து கணக்குப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது ஐந்து ஞாயிறு. முதல் ஞாயிறு மச்சான் கூட வந்து, துவக்கின் மேலே குறிபார்க்கிற ஸ்கோப்பைச் சரிபார்த்து இறுக்கித் தந்தான். அடுத்த ஞாயிறு ஐந்து வெடியில் மூன்று தட்டில் விழுந்தது. மற்ற இரண்டும் அருகில்தான். நான் வானத்தில் மிதந்தேன். அன்று மாலை படிப்பிக்கும்போது ஒரு மாணவன் சிவப்பு விளக்கில் போனதைக்கூட மன்னித்தேன்.

கிழமை நாட்களில் நிலக்கீழ் அறையில் வெறும் துவக்குடன் பயிற்சி. ரவைகள் மேலே பூட்டிய பெட்டியில். குழலின் மேல் ஒரு காசு வைத்து, அது விழாமல் விசையை அழுத்தவேண்டும். வீடியோவில் ஒருவர் செய்தார். அவருடைய காசு ஒட்டிவைத்ததுபோல இருந்தது. என் காசு ஒவ்வொரு முறையும் சலவை இயந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்தது.

மேலேயிருந்து மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, கீழை என்ன விழுந்துகொண்டே கிடக்குது?"

"என்ரை மானம்."

"அதை எடுக்கக் குனியேக்கை நாரி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ."

பிறகு நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்கு அவரவர் தொழிற் சாமான் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைப்போம். மனைவியின் தையல் மெசின், மகளின் லப்ரொப், என் காரின் திறப்பு. அந்த வருடம் நான் துவக்கையும் கொண்டுவந்து வைத்தேன். விசைக்குப் பூட்டு, உள்ளேயிருக்கும் போல்ட்டைக் கழற்றி என் காற்சட்டைப் பையில், எல்லாம் சட்டப்படி.

"சரஸ்வதிக்கு முன்னாலை துவக்கோ?" என்றாள் மனைவி.

"ஆயுத பூசை எண்டால் ஒரு ஆயுதமாவது வேண்டாமே? கத்தரிக்கோலையும் லப்ரொப்பையும் காட்டி எவ்வளவு காலத்துக்கு அம்மாளை ஏமாத்துறது?"

உண்மை வேறு. எனக்குப் பயம் பிடித்திருந்தது. ஐந்துக்கு மூன்று என்றால் ஐந்துக்கு இரண்டு சமையல். யாராவது மேலிடத்தில் கொஞ்சம் கைகொடுத்தால் நல்லது என்று பட்டது. ஆகவே கஞ்சத்தனம் பார்க்காமல் சந்தனம் பூசினேன். குழலில் மூன்று பொட்டு, கட்டையில் மூன்று, ஸ்கோப்பின் மேலே இருக்கிற சின்னக் குமிழில் ஒரு பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம். துவக்கு கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது.

பூசையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. நடுவில் ஒரு ஞாயிறு. என்னுடைய ஐந்து ஞாயிறில் மூன்றாவது. அன்று நான் வரவேற்பறையில் இருந்து அவல் சாப்பிட்டுக்கொண்டு என் துவக்கைத் தூரத்திலிருந்து பார்த்தேன். உதவி கேட்டுப் போனவனிடமிருந்து பயிற்சியைப் பிடுங்கிக்கொண்ட முதல் தெய்வம் அதுவாகத்தான் இருக்கும்.

விஜயதசமி முடிந்து எடுத்தபோது சந்தனம் காய்ந்து கல்லாகி, அந்தக் குமிழின் வரிகளுக்குள் ஏறிவிட்டது. நான் பழைய பல்தூரிகையால் குத்துவிளக்குத் துலக்குகிறமாதிரித் துலக்கினேன். முன்பக்கம் துலக்கி, குமிழைத் திருப்பி, பின்பக்கமும் துலக்கினேன். திருப்பும்போது "டிக் டிக் டிக்" என்று அழகான சத்தம். சுற்றிமுடித்து, குமிழில் எழுதியிருந்த பூச்சியம் பழையபடி கோட்டுக்கு நேரே வந்ததும் நிறுத்தினேன். நான் என்ன மடையனா, இருந்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டேன் என்று திருப்தியும் பட்டேன்.

நாலாவது ஞாயிறு தனியாகப் போனேன். காதுக்கவசம் போட்டேன். வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, மணல் மூட்டையில் துவக்கை வைத்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன். ஐந்து வெடி. எல்லோரும் துவக்கைத் திறந்து வைத்துவிட்டுக் குறியைப் பார்க்க நடந்தோம். மற்றவர்கள் தங்கள் தாளில் ஓட்டைகளை எண்ணினார்கள். என் தட்டு கடையிலிருந்து வாங்கியபடியே இருந்தது. தட்டை ஒட்டியிருந்த மட்டையிலும் ஒரு கீறல் இல்லை. அதில் அன்றைக்கே பிறந்தநாள் கேக் பரிமாறியிருக்கலாம்.

இன்னும் ஐந்து. ஒன்றுமில்லை. இன்னும் ஐந்து. அதுவும் இல்லை.

அந்த மத்தியானம் நான் செய்த கூத்துகளை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுவேன். மூச்சை முழுக்க விட்டுச் சுட்டேன். மூச்சை முழுக்கப் பிடித்துச் சுட்டேன், தலை சுற்றியது. கண்ணாடியைக் கழற்றிச் சுட்டேன். தட்டை விட்டு இடக்கண்ணில் பிழை கண்டுபிடித்து, இடக்கண்ணை மூடி, பிறகு வலக்கண்ணில் பிழை கண்டுபிடித்து, இரண்டையும் மூடப்போன நேரத்தில் பக்கத்து வாங்கில் இருந்த தாடிக்காரர் தன் பெட்டியை மெல்லத் தூரத் தள்ளி வைத்தார். இருபது ரவை காட்டுக்கும் இல்லாமல் தட்டுக்கும் இல்லாமல் எங்கேயோ போய்விட்டன. நான் சுட்ட சன்னங்களை யாரோ வழியில் வாங்கிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. "எப்பிடி?" என்றாள் மனைவி. "பரவாயில்லை" என்றேன். அன்றைக்குப் பிறகு சாப்பாடு கடதாசித் தட்டில் வந்தால் பீங்கானுக்கு மாற்றிக்கொண்டேன். பாடத்தில் மாணவர்கள்மீது எரிந்து விழுந்தேன். "மெல்லமா அமத்து, மெல்லமா அமத்து" என்று நான் கத்தியது அவர்களுக்கா எனக்கா என்று எனக்கே விளங்கவில்லை. போதாக்குறைக்கு அதே கிழமை அந்த அன்ரி வேறொருவரின் காரில் போய் ரெஸ்ற் பாஸ் பண்ணிவிட்டார். போனில் சொன்னார்: "தம்பி, பக்கத்திலை நீங்கள் இல்லாதது நல்ல உதவியா இருந்தது."

ஐந்தாவது ஞாயிறுதான் சோதனை. அதற்குமுன் எனக்கு இனி நாள் இல்லை. வெட்கத்தை விட்டு மச்சானுக்குப் போன் அடித்தேன். சோதனை பின்னேரம் என்பதால் காலையிலேயே ரேஞ்சுக்கு வரச் சொன்னேன். அவன் என் பின்னால் நின்று தூரக்கண்ணாடியால் பார்த்தான். நான் சுட்டேன்.

"அத்தான், தட்டுக்கு ஒரு முழம் கீழை மண் பறக்குது."

இன்னொன்று.

"திரும்பவும் அதே ஒரு முழம். எங்கடை துணிக்கடைக்காரர்கூட இவ்வளவு சரியா அளக்க மாட்டினம்." துவக்கை வாங்கி ஸ்கோப்பை உற்றுப் பார்த்தான். "பூச்சியத்திலைதான் நிக்குது. ஆனா... உது என்ன, வரிக்குள்ளை மஞ்சளாக் கிடக்குது?"

நான் காதுக்கவசம் போட்டிருந்ததால் கேட்காததுபோல் இருக்க முயன்றேன்.

"அத்தான்! என்ன உது?"

"சந்தனம்."

சொல்லவேண்டியதாகிவிட்டது. பூசை, பல்தூரிகை, டிக் டிக், எல்லாம். மச்சான் வாங்கில் தலையை வைத்துவிட்டான். தோள் குலுங்கியது.

"அது சும்மா குமிழ் இல்லை அத்தான். அதைத் திருப்பினால் சன்னம் விழுற இடம் மேலை கீழை போகும். நீங்கள் ஒரு முழுச் சுத்துச் சுத்தி விட்டிருக்கிறியள். பூச்சியம் பூச்சியத்திலை வந்து நிக்கும், துவக்கு மட்டும் ஒரு முழம் கீழை சுடும்."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லமுடியாது. பிழை என்னுடையதல்ல! கண் அல்ல, மூச்சு அல்ல, வயது அல்ல. வெறும் குமிழ். அவன் எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பிவிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐந்து வெடி வைத்தேன்.

தட்டில் இரண்டு. மற்ற மூன்றும் தட்டுக்குக் கீழே மட்டையில், கோழி கிளறினமாதிரி.

"இப்ப என்ன, குங்குமமோ?" என்றான் மச்சான்.

அவன் சொல்லாமல் ஒரு வேலை செய்தான். மருந்தும் சன்னமும் இல்லாத வெற்றுக் கோதொன்றை மற்ற ரவைகளோடு கலந்து, துவக்கை நிரப்பித் தந்தான். எது வெற்றுக் கோது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது முறை விசையை அழுத்தும்போது வெடிக்கவில்லை, "கிளிக்" என்றது. வெடிக்காத துவக்கு அசையாமல் அல்லவா இருக்கவேண்டும்? என் துவக்கின் குழல் கோயிலில் கும்பிடுகிறமாதிரி முன்னால் குனிந்தது.

"சத்தத்துக்கு முதலே துடிக்கிறியள்."

நான் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "மச்சான், நாங்கள் வளர்ந்த இடம் அப்பிடி. வெடிச்சத்தம் கேட்டால் குப்புறப் படுத்த ஆக்கள். உடம்பு மறக்காதடா."

நல்ல சாட்டு. நானே சொல்லி நானே கொஞ்சம் கண்கலங்கினேன். அண்ணையிடம் இதைச் சொன்னால் ஒரு வெடியாவது தள்ளுபடி தருவார் என்றும் மனம் கணக்குப் போட்டது. ஆனால் மச்சானும் அதே ஊரில் அதே சத்தத்துக்குப் படுத்தவன். அவன் ரவைகளைக் கழற்றி, வெற்றுக் கோதை மட்டும் திரும்பப் போட்டுத் தந்துவிட்டு, கீழே குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருக்கா அமத்துங்கோ."

அமத்தினேன். கிளிக்.

"அத்தான், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் பிரேக் பிடிக்கிறியள்."

நான் கீழே பார்த்தேன். என் வலது கால் நிலத்தை ஓங்கி மிதித்திருந்தது. இருபது வருடமாக யாராவது எதையாவது இடிக்கப்போகும் கணத்தில் மிதித்த அதே மிதி. விசையில் விரல் போகும்போதே கால் பிரேக்கில் போகிறது. கால் போனால் இடுப்பு முன்னால் போகிறது, இடுப்போடு தோள், தோளோடு துவக்கு. அன்ரி சொன்னது சரி. நான் கவலையோடு எழுப்பிக்கொண்டுவந்த பெரிய சோகக்கதை ஒரு நொடியில் ஒரு பிரேக் மிதியாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது, எரிச்சலில்.

மச்சான் குடித்து முடித்த கடதாசிக் கோப்பிக் கப்பை என் வலது சப்பாத்துக்குக் கீழே வைத்தான். "நசுங்கினால் பிரேக் பிடிச்சிட்டியள் எண்டு அர்த்தம்." அன்று மத்தியானம் ஐந்து கப் நசுங்கியது. குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வந்து வைத்தான். ஆறாவது கப் மூன்று வெடிக்கு நின்றது.

பின்னேரம் அண்ணையும் மற்ற இருவரும் வந்தார்கள். அண்ணை கையோடு ஒரு புதுத் தட்டுப் பக்கெற் கொண்டுவந்திருந்தார். மச்சானும் அவர்கள் மூவரும் சில நிமிடத்தில் சுட்டு முடித்தார்கள். என் முறை வந்தது. மச்சான் காலுக்குக் கீழே கப்பை வைத்தபோது, "என்ன, பிச்சை எடுக்கப் போறாரோ?" என்றார் அண்ணை.

முதல் வெடி. மச்சான் தூரக்கண்ணாடியில் பார்த்து, "உள்ளை" என்றான். இரண்டாவது. "உள்ளை." எனக்குக் காது சூடாகிவிட்டது. காட்டில் என் இருக்கை தெரிந்தது. அதில் நான் இருப்பது தெரிந்தது. மான் வருவதும் தெரிந்தது. மூன்றாவதுக்கு மூச்சு விட்டேன். விரல் போனது. எங்கிருந்தோ, சந்தியில் ஒரு லொறி குறுக்கே வருவதுபோல, ஒரு பயம்.

கப் நசுங்கியது.

எல்லோரும் நடந்து போய்ப் பார்த்தோம். இரண்டு ஓட்டை தட்டின் நடுவிலே, ஒரு கையளவுக்குள். மூன்றாவது தட்டின் கீழ் விளிம்பில். விளிம்பைத் தொட்டதா இல்லையா? மட்டையில் ஓட்டை முழுசாகத் தெரிந்தது. தட்டின் விளிம்பில் எலி கடித்ததுபோல ஏதோ தெரிந்ததாக எனக்குப் பட்டது. அண்ணை வாசிக்கிற கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார்.

"தட்டு தட்டாத்தான் கிடக்குது. மட்டைதான் ஓட்டை."

"அண்ணை, அதிலை கிழிஞ்சிருக்கு" என்றான் மச்சான்.

"அது பக்கெற்றிலை வரேக்கையே அப்பிடி." மற்ற இருவரையும் பார்த்தார். "என்ன சொல்லுறியள்?"

இருவரும் ஆசனத்தில் இருக்கிற நீதிபதிகள்போல யோசித்தார்கள். ஒருவர் கேட்டார்: "இந்தமுறை ஆட்டிறைச்சியோடை குழல் புட்டும் அவிப்பியளோ?" தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

நான் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் கப் நசுங்கிய சத்தத்தை நான் கேட்டிருந்தேன். தட்டை மட்டும் கழற்றி, மடங்காமல் என் பையில் வைத்துக்கொண்டேன்.

மரவீட்டில் முதல் நாள். அவர்கள் விடியப் போனார்கள், நான் வெங்காயம் உரித்தேன். காஸ் அடுப்பு மூட்டுகிற லைற்றரிலும் ஒரு விசை இருக்கிறது. அதை அழுத்தும்போது என் காலைப் பார்த்தேன். நிலத்தை மிதித்தது. வேறு ஆள் இல்லாததால் நன்றாகத் திட்டிக்கொண்டேன். பிறகு காலை ஒரு வாங்கின்மேல் தூக்கிவைத்து, அடுப்பை மூட்டி மூட்டி அணைத்தேன். புட்டு அவியும் வரை நாற்பது தடவையாவது மூட்டியிருப்பேன்.

மத்தியானம் நால்வரும் வெறுங்கையோடு பசியில் வந்தார்கள். வெளியே மரக்குற்றிகளில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கடதாசித் தட்டில் புட்டும் கறியும் கொடுத்தேன். அண்ணைக்கு மட்டும் என் பையிலிருந்த, நான் சுட்ட அந்தத் தட்டு. அடியில் புட்டை நெருக்கி அடுக்கி, மேலே குழம்பைத் தாராளமாக ஊற்றினேன்.

அண்ணை இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு குனிந்து பார்த்தார். புதுச் செம்மஞ்சள் காற்சட்டையில் குழம்பு.

"எடேய், என்னடா இது ஒழுகுது!"

"பழைய தட்டு அண்ணை. ரெண்டு ஓட்டை இருக்கு."

அண்ணை தட்டைத் தூக்கிச் சரித்தார். நடுவிலிருந்து இரண்டு துளி. பிறகு, நான் எதிர்பார்க்காமலே, கீழ் விளிம்பிலிருந்து மெல்லிய கோடாக இன்னுமொன்று. நேராக அவருடைய சப்பாத்துக்குள்.

மச்சான் கரண்டியால் சுட்டிக் காட்டினான். "ஒண்டு. ரெண்டு. அண்ணை, உது எத்தினை?"

ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோர் வாயிலும் புட்டு இருந்தது. அண்ணை சப்பாத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி. மூண்டுதான்" என்றார் கடைசியில். "பின்னேரம் நீயும் வா. ஆனா இரவுச் சாப்பாட்டைச் செய்து வைச்சிட்டு வா."

ஆகவே செய்து வைத்தேன். மூன்று மணிக்கு, இஞ்சியும் உள்ளியும் இறைச்சித்தூளும் நகக்கண் வரை ஏறிய கையோடு, என் சொந்தத் துவக்கோடு, எனக்கென்று ஒதுக்கிய மரத்தடியில் போய் இருந்தேன். காற்று என் முதுகுப் பக்கத்திலிருந்து காட்டுக்குள் அடித்தது. நான் போட்ட கறி என்ன கறி என்று அந்தக் காட்டில் இருந்த அத்தனை மானுக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஒரு அணில் வந்து பார்த்துவிட்டுத் தும்மியதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு போனது.

இருட்டுப்படும்போது மச்சான் வந்து கூப்பிட்டான். எழும்பும்போது கீழே பார்த்தேன். வலது சப்பாத்துக்குக் கீழே வைத்த கப் அப்படியே முழுசாக இருந்தது. எடுத்து அவனுக்குக் காட்டினேன்.

"ஒரு மானும் வராட்டில் ஆர்தான் பிரேக் பிடிப்பினம், அத்தான்" என்றான்.